சோளம் அறுத்தாச்சு, துவரை நிக்குது

...இல்லண்ணே, அறுத்தாச்சுதான், நான் இல்லேங்கலையே! சோளம் அறுத்தாச்சு. நீங்களும் பாத்துட்டீங்க, உங்க ஆடுங்களும் பாத்துடுச்சு. அறுத்த காட்டுல யாரு ஆடு வேணா மேயலாம், ஊர் வழக்கம், சரிதான். ஆனா அறுத்தது சோளத்தை மட்டும்தானே? ஊடால பச்சையா நிக்குதே, அது என்னன்னு நினைச்சீங்க? களையா? துவரைண்ணே, துவரை! அது பூத்துக் காய்க்க இன்னும் நாள் கிடக்கு. கொஞ்சம் உக்காருங்க. அந்தக் கல்லு மேலயே உக்காருங்க. ஆடு எங்க போயிடப் போகுது...

என்ன சிரிக்கிறீங்க? தெரியும், எதுக்குன்னு தெரியும். போன வருஷம் ஊர்க்கூட்டத்துல நெஞ்சத் தட்டிக்கிட்டுப் பேசினது யாரு? நான்தான். 'கதிர் அறுத்த மறுநாளே காடு பொது, வேலி போடுறவன் ஊருக்கு ஆகாதவன்'னு... கை தட்டினாங்கண்ணே! வாழ்க்கையில எனக்கு ஒரே ஒரு தடவை கை தட்டியிருக்காங்க, அதுவும் என் வாயில நானே மண்ணைப் போட்டுக்கிட்டதுக்கு. அந்த வேகத்துல வந்து இந்த மூலை வேலியை நானே வெட்டிச் சாய்ச்சேன், முன்மாதிரியா இருக்கட்டும்னு. முன்மாதிரி! இப்ப இந்த ஓட்டையில வேலிக்குப் பதிலா நான் உக்காந்திருக்கேன். முள்ளாவது குத்தும். நான் பேச மட்டும்தான் செய்வேன்.

அப்பல்லாம் வெறும் சோளம்தானே போட்டேன். இந்த வருஷம்தான் என் சம்சாரம், சோளத்துக்கு ஊடால துவரை போடலாம்னா. நான் விடுவேனா? 'ஒரு உறைக்குள்ள ரெண்டு கத்தியா? மானாவாரிக் காடு, இருக்கிற ஈரம் ஒண்ணுக்கே பத்தாது'ன்னேன். அவ சொல்றா, 'சோளம் மேல் ஈரத்தைக் குடிக்கும், துவரை வேரு ஆழத்துல போய்த் தேடிக்கும். மழை ஏமாத்தினா ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிக்கும்'னு. சரி, விதைச்சாச்சு. அப்புறமாவது கையைக் கட்டிக்கிட்டு இருந்தேனா? முழங்கால் உயரம் வந்தப்ப ஒரு செடியைப் பிடுங்கிப் பாத்தேன். வேரு பூரா குட்டிக் குட்டியா முடிச்சு! ஐயோ, சீக்கு விழுந்துடுச்சு, பரவிடும்னு ஒரு சால் வரிசை பூராவும் பிடுங்கி எறிஞ்சுட்டு, வேர்வை சொட்டச் சொட்ட வீட்டுக்கு ஓடி, 'உன் துவரையைக் காப்பாத்திட்டேன்'னு நிக்கிறேன். அவ ஒரு முடிச்சைக் கிள்ளிக் காட்டுறா. உள்ள நல்ல செவப்பு. 'இதுதாங்க மண்ணுக்கு உரம். நல்லா இருக்கிற செடிக்குத்தான் இது வரும்'னா. திட்டலண்ணே. சாப்பாடு போட்டா. அதான் பயமே! திட்டியிருந்தா நிம்மதியாத் தூங்கியிருப்பேன்.

இப்ப என்ன சொல்லியிருக்கா தெரியுமா? 'மிச்சத் துவரையும் போச்சுன்னா அடுத்த வருஷம் காட்டை நான் பாத்துக்கிறேன், நீங்க ஆட்டைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க'ன்னு. ஆடு மேய்க்கிறது கேவலம்னு சொல்லலண்ணே! உங்களை வச்சுக்கிட்டு அப்படிச் சொல்வேனா? எனக்கு வராதுங்கிறேன். உங்களுக்குப் பொறுமை இருக்கு... நான் பேசுறதையே கேக்குறீங்களே.

அந்தத் துவரைச் செடிங்களைப் பாருங்களேன். சோளத்து நிழல்ல நோஞ்சானா நின்னுச்சு. அறுத்த சோளத் தட்டையைக் கட்டித் தூக்கினதும் நாலு நாள்ல தோளை விரிச்சிக்கிட்டு நிக்குது. காலையில வந்து பாத்தா எனக்கே ஒரு மாதிரி... என் கைக்குத் தப்பிச்சும் ஒண்ணு வளருதேன்னு.

அப்புறம், உங்க நல்லதுக்குச் சொல்றேன். சோளத் தூர்ல துளிர் விட்டிருக்கு, அந்த இளந்துளிர் விஷம். வெறும் வயித்துல ஆடு அதைக் கடிச்சா நுரை தள்ளிச் சாஞ்சிடும். உங்களுக்குத் தெரியாததா! ...என்ன, குனிஞ்சு பாக்குறீங்க? துளிர் இல்லையா? ...சரி, நாளைக்கு விடும்.

எந்திரிச்சிட்டீங்களா? அண்ணே, இருங்க, இருங்க... என்ன, மேட்டுப் பக்கமா ஓட்டுறீங்க? அப்ப உள்ள விடப்போறதில்லையா? வரும்போதே அந்த முடிவுதானா? அட, சொல்லியிருந்தா நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேனே! ...பேசியிருப்பேன், அது வேற விஷயம். நல்லா இருங்கண்ணே. ஒரு சீழ்க்கைக்கு எல்லா ஆடும் எப்படித் திரும்புது பாருங்க!

இருங்க. எல்லாம் திரும்பலையே. பின்னால அது யாரு, துவரைக்குள்ள காதை மட்டும் காட்டிக்கிட்டு? கறுப்பா... அடிப்பாவி! எங்க வீட்டு ஆடு! காலையில நானே உங்ககூட ஓட்டிவிட்டதாச்சே! ஊராடு பூரா ஒழுங்காப் போகுது, எனக்குன்னு வாச்சது மட்டும்... ஏய், வெளிய வா! ஏய்! கூப்பிடக் கூப்பிட உள்ள போகுதே!

அண்ணே... வரப்புல வர்றது என் சம்சாரம்தானே? அண்ணே, வேகமாப் போகாதீங்கண்ணே! அந்த ஆடு உங்களுதுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கண்ணே! ...அண்ணே!