சாப்பாட்டுப் பை வைத்த சீட்

என் பெயர் பூமாலை, வயது 18, தகப்பனார் சவுரிராயன், இருப்பு பிரம்மதேசம். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறேன். காணவில்லை என்று புகாரில் உள்ள கலைப்பிரியா, வயது 22, எங்கள் தெரு, அதே கடை; அவரை அக்கா என்று கூப்பிடுவேன். நாங்கள் திண்டிவனத்தில் ஏறும் தனியார் பஸ்சின் கண்டக்டர் ஜெகதீசனும் அக்காவும் விரும்பியது எனக்குத் தெரியும்.

போன வாரம் அந்த பஸ் வந்ததும் அக்கா தூணுக்குப் பின்னால் நகர்ந்ததைத்தான் முதலில் கவனித்தேன். பெண் கேட்டு வர அவர் நாள் கடத்துகிறார் என்று கோபம். அதன் பிறகு தினமும் அந்த பஸ்சை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினோம். "அதுவா வந்து கேக்கட்டும். நீ எதனா சொன்ன, உன்கூட பேசவே மாட்டேன்" என்றார்.

அதன் பிறகு ஒரு நாள் ஜெகதீசன் படியில் நின்றபடி, "என்னாம்மா, உங்கக்காவுக்கு இன்னும் கோவமா?" என்று என்னிடம் கேட்டார். "தெரியலண்ணா" என்றேன். "ஆறட்டும். இப்ப போய் நின்னா எரிஞ்சி வுழும், பேஜாரு" என்று சொல்லி விசிலடித்தார். அக்கா உட்காரும் சீட்டில் தன் சாப்பாட்டுப் பையை வைத்து அவர் இடம் பிடித்திருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதை அக்காவிடம் சொல்லவில்லை. அக்கா காத்திருப்பதை அவரிடமும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்கப் பேச எனக்குக் கூச்சம்.

அதன் பிறகு ஞாயிறு வேறு மாப்பிள்ளை வீட்டார் அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்ததால், சனிக்கிழமை கடை முடிந்து அக்கா வீட்டுக்கு வராமல், எங்களோடு வேலை செய்யும் சித்ராவுடன் திருவெண்ணெய்நல்லூர் போய்விட்டார். "அது என்னத் தேடிக்கினு வந்தா மட்டும் எடத்த சொல்லு" என்றார். அக்காவின் அப்பா கேட்டபோது தெரியாது என்றேன். அதனால்தான், இருவரும் விரும்புவதைக் கேள்விப்பட்டிருந்த அவர், ஜெகதீசன் மேல் கடத்தல் புகார் கொடுத்தார். ஓடுகிற பஸ்சிலிருந்து ஜெகதீசனை இறக்கி போலீசார் இந்த ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தார்கள். அவர் தேடி வருவார் என்று அக்கா அங்கே இன்னும் காத்திருக்கிறார்.

இன்று விசாரணைக்கு வந்தபோது, டிக்கெட் பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் பெஞ்சில் இருந்தார். சட்டையில் இரண்டு பட்டன் இல்லை. என்னைத் திட்டவில்லை. "பிரியா நல்லா இருக்குதாம்மா? அத மட்டும் சொல்லு" என்றார்.

அதன் பிறகு சித்ரா வீட்டு விலாசத்தை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அதன் பிறகு, அந்தச் சீட்டில் பை வைத்திருந்ததைச் சொல்வதற்காக சித்ராவின் நம்பரில் அக்காவுக்கு போன் போட்டேன்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே உள்ளது, அத்தனையும் நிஜம்.

(ஒப்பம்) ச. பூமாலை