பதினேழாம் எண் புல்

என் வீட்டு வாசலில் புல் இல்லை என்பதைத்தான் நீங்கள் முதலில் கவனித்தீர்கள். வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் கவனிக்கிறார்கள். மேற்கு மாநிலங்களின் பதினொரு பல்கலைக்கழகங்கள் செய்கிற புல்தரை ஆராய்ச்சியை இருபத்திரண்டு வருஷமாக ஒருங்கிணைக்கிறவள், தன் வீட்டு முன்னால் சரளைக்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறாளே என்று சிரிப்பார்கள். மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் தின்ன மாட்டான் என்று சொல்லி நானும் சிரித்து வைப்பேன். உண்மைக் காரணம் வேறு. எனக்குப் பிடித்த புல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது போன பிறகு இன்னொன்றை நட மனம் வரவில்லை.

உட்காருங்கள். என் பெயர் வெர்னா ஹால்வர்சன், வயது ஐம்பத்தொன்பது. நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன், ஆனால் என் வரிசையில் சொல்கிறேன்.

ஒருங்கிணைப்பாளர் என்றால் ஏதோ பெரிய பதவி என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு பேராசிரியரும் அவரவர் மாநிலத்தில் ராஜா. எனக்கு இருந்தது இரண்டே அதிகாரம். என்றைக்கு எதைச் செய்ய வேண்டும் என்று அட்டவணை எழுதுவது. எழுதியபடி செய்யாதவர்களின் மதிப்பெண்களைத் தள்ளிவிடுவது.

புல்லை அளக்க எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன, ஆனாலும் கடைசிச் சொல் கண்ணுக்குத்தான். ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பெண். ஒன்று என்றால் செத்த புல். ஒன்பது என்றால் குறையே இல்லாதது. ஒருவர் கண்ணுக்கு ஆறாகத் தெரிவது இன்னொருவர் கண்ணுக்கு ஐந்தாகத் தெரியும் என்பதால், தொடங்கிய கண்ணே முடிக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பழைய வழக்கம். நடுவில் ஆள் மாற்றக் கூடாது. இன்னொரு வழக்கம், எது யாருடைய புல் என்று தெரியக் கூடாது. எல்லாவற்றுக்கும் வெறும் எண்தான். எந்த எண் யாருடையது என்ற பட்டியலை எங்கள் அலுவலகக் குமாஸ்தா உறையில் போட்டு, ஒட்டி, என்னிடம் தருவாள். அது என் மேஜை இழுப்பறையில் கிடக்கும். சோதனை முடிந்த பிறகுதான் பிரிப்பேன். ஒரு தடவைகூட முன்னதாகப் பிரித்ததில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

இனி கிளைட் பெக்ஸ்டெட். முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் வரை அரிசோனாவில் நான் அவருடைய ஆய்வு மாணவி. நெவாடாவில் ஆளில்லாமல் போன ஒரு சுரங்க ஊரின் கல்லறைத் தோட்டத்தில், பல வருஷமாக யாரும் ஒரு வாளித் தண்ணீர்கூட ஊற்றாத இடத்தில், பச்சையாக ஒரு திட்டு உவர்நிலப் புல்லைக் கண்டேன். பேனாக்கத்தியால் ஒரு கைப்பிடி பெயர்த்து, ஈரக் கைக்குட்டையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஒன்பது மணி நேரம் காரோட்டி வந்தேன். நான்கு வருஷம் வளர்த்தேன். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது, அதனால் வேறு எதனோடும் ஒப்பிட்டுச் சொல்லத் தெரியவில்லை.

பதினொரு மாநிலத்தாரும் வயல் பார்க்க வந்த நாளில், கிளைட் என் பாத்திக்கு முன்னால் குனிந்தார். ஒரு புல்லிதழைக் கிள்ளி விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"வெர்னா, இது புல் இல்லம்மா, துடைப்பம். எடுத்துட்டுப் போய் வீட்டைக் கூட்டு."

மூன்று மதிப்பெண். எல்லோரும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த திங்கட்கிழமை, வேறொன்றுக்கு இடம் வேண்டுமென்று என் பாத்தியை உழுதுவிட்டார்கள். நான் பட்டம் வாங்காமலே வெளியேறினேன். காகிதம் பார்க்கிற வேலைதான் கிடைத்தது, அதில் படிப்படியாக ஏறி ஒருங்கிணைப்பாளர் ஆனேன். ஆனால் ஆண்டுக் கூட்டங்களில் என் பெயர் துடைப்பம்தான். முகத்துக்கு நேராகவே, அன்பாக, அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று சொல்வதுண்டு. என் கஞ்சி முப்பத்தோரு வருஷமும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

கிளைட் வயதாக ஆகச் சாதுவாகிவிட்டார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தன் தோட்டத்து ஆரஞ்சுப் பழம் ஒரு பை கொண்டுவந்து என் நாற்காலிக்குக் கீழே வைப்பார். நான் அதை அப்படியே ஓட்டல் வாசற்காவலருக்குக் கொடுத்துவிடுவேன்.

போன ஜனவரிக் கூட்டத்தில் வறட்சிச் சோதனை பற்றிப் பேச்சு வந்தது. இருபத்தொரு வகைப் புல், ஒவ்வொன்றும் மூன்று பாத்தியில். தண்ணீரை நிறுத்திவிட்டு எது எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்ப்பது. அரிசோனா வயல் இன்னும் கிளைட் கையில்தான் இருந்தது. அப்போது அவருக்கு எழுபத்தொன்பது வயது. இதயத்தில் வால்வு மாற்றியிருக்கிறார்கள், வெயிலே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றார். காலை எட்டு மணிக்கே மதிப்பெண் போட்டுவிடட்டுமா என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

காலை எட்டு மணிக்கு எல்லாப் புல்லும் நல்ல புல்தான். தாகம் தெரிவது பிற்பகல் மூன்று மணிக்கு. நான் அதைத்தான் சொன்னேன். ஜூன் கடைசியில் பன்னிரண்டு நாள், தினமும் மூன்று மணி. ஒவ்வொரு பாத்தியிலும் பத்து அடி நடந்து, மிதித்த இடத்தில் புல் திரும்ப நிமிர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆரம்பித்த கண்ணே முடிக்க வேண்டும். ஒரு நாள் விட்டாலும் அந்த மாநிலத்தின் மதிப்பெண்கள் மொத்தமும் தள்ளப்படும். நீங்கள் எந்த நிபுணரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள், இதில் ஒரு வரியைக்கூடத் தப்பு என்று சொல்ல முடியாது.

நெவாடாக்காரர் எச்செவெரியாவுக்கு எப்போதும் வாய் சும்மா இருக்காது.

"வெர்னா, நீங்க கிழவரை வறுத்து எடுத்துடுவீங்க போலிருக்கே."

"விடுப்பா," என்றார் கிளைட். "துடைப்பம் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பதினொரு கையும் உயர்ந்தன. அவர் கையும்தான். அதுவரை எனக்குள் கொஞ்சம் தயக்கம் இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அந்த வார்த்தைக்குப் பிறகு இல்லை.

ஜூன் பத்தொன்பதாம் தேதி தண்ணீரை நிறுத்தினார்கள். தினமும் நான்கு மணிவாக்கில் கிளைட் வயலிலிருந்தே போன் செய்து எண்களைச் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். மூச்சு வாங்குவது கேட்கும். ஒரு நாளைக்கு அறுபத்து மூன்று பாத்தி, அறுநூற்று முப்பது அடி. நானும் மனதுக்குள் கூடவே நடந்தேன்.

ஏழாம் நாள் அவர் மனைவி ஆர்டித் போனில் பேசினாள். அவளை எனக்கு மாணவியாக இருந்த காலத்திலிருந்தே தெரியும். அவள் வீட்டில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டிருக்கிறேன்.

"நேத்து வந்ததும் ஷூவைக்கூடக் கழட்ட முடியாம உக்காந்துட்டார் வெர்னா. உதடெல்லாம் நீலம் பாரிச்சுக் கிடக்கு. மிச்ச நாளைக்கு வேற யாராவது பார்க்கட்டுமே."

"கண்ணை மாத்தக் கூடாதுன்னு விதி இருக்கு ஆர்டித். அவர் வேணும்னா நிறுத்திக்கலாம். யாரும் கட்டாயப்படுத்தலையே."

"நிறுத்த மாட்டேங்கறாரே. அதுல ஒரு புல்லு இருக்காம். அதைக் கரை சேர்த்தே ஆகணுமாம், ஒருத்தருக்குப் பதில் சொல்லணுமாம். யாருக்குன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறார்."

ஏதோ விதைக் கம்பெனிக்கு வாக்குக் கொடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பதினோராம் நாள் அங்கே நூற்றுப் பதினெட்டு டிகிரி. உங்கள் கையில் இருக்கிற போன் பதிவில் அன்றைக்கு இரண்டு அழைப்பு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதலாவது மூன்று ஐம்பதுக்கு, அவர் செய்தது. எல்லாப் புல்லும் இரண்டும் மூன்றுமாகச் சரிந்திருந்தன. பதினேழாம் எண்ணுக்கு மட்டும் ஒன்பது என்றார். எழுதிக்கொண்டு போனை வைத்தேன். ஐந்து நிமிஷம் யோசித்தேன். அந்த ஐந்து நிமிஷத்தை நீங்கள் விசேஷமாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் நான் அவசரத்தில் எதையும் செய்யவில்லை. பிறகு நானே கூப்பிட்டேன்.

"பதினேழுக்கு ஒன்பதுன்னா நம்பற மாதிரி இல்லையே கிளைட். வேற எந்த மாநிலத்துலயும் ஆறைத் தாண்டலை. மூணு பாத்தியிலயும் இன்னொரு தடவை நடந்து பார்த்துட்டுச் சொல்லுங்க."

அது பொய். மற்ற பத்து மாநிலங்களிலும் பதினேழு எட்டும் ஒன்பதுமாகத்தான் வாங்கிக்கொண்டிருந்தது. வாயால் சொன்ன பொய்தான், ஏட்டில் நான் எதையும் மாற்றவில்லை. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். சிரித்தார்.

"நீ நம்ப மாட்டேன்னு தெரியும். இரு, போய்ப் பார்த்துட்டு வரேன்."

குரலில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு அது எரிச்சலாக இருந்தது.

ஐந்து மணிக்கு ஆர்டித் போய்ப் பார்த்திருக்கிறாள். பதினேழாம் எண்ணின் மூன்றாவது பாத்தியில் குப்புறக் கிடந்திருக்கிறார். மறுநாள் அவளேதான் எனக்குச் சொன்னாள். அவரைத் தூக்கியதும் புல் பழையபடி நிமிர்ந்துகொண்டதாம், அவர் கிடந்ததற்கு அடையாளமே இல்லையாம், அதைச் சொல்லி அழுதாள். நிமிர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள். நான் ஒன்பதை உறுதி செய்தேன்.

ஆமாம், நான்தான் கொன்றேன். வெயில் கொன்றது, இதயம் கொன்றது என்று எழுத வேண்டாம். அவர் செத்துவிடுவார் என்று தெரிந்துதான் அட்டவணை எழுதினேன், தெரிந்துதான் இரண்டாம் தடவை அனுப்பினேன். முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக அன்று மாலை எனக்கு ருசித்துச் சாப்பிட முடிந்தது.

மற்ற மாநிலங்களில் பன்னிரண்டாம் நாள் முடிந்ததும், ஒரு நாள் விட்டுப்போன அரிசோனாவின் மதிப்பெண்களை விதிப்படி தள்ளிவிட்டு, உறையைப் பிரித்தேன். பதினேழாம் எண்ணுக்கு எதிரே புல்லின் பெயர் 'வெர்னா' என்று இருந்தது. கண்டெடுத்து வளர்த்தவர் என்ற இடத்தில் என் முழுப்பெயர். கிடைத்த இடம், நெவாடா, கல்லறைத் தோட்டம். அனுப்பியவர் கிளைட் பெக்ஸ்டெட். பட்டியலோடு குமாஸ்தா இணைத்திருந்த அவர் விண்ணப்பத்தின் கீழே, அவர் கையெழுத்தில் நான்கு வரி. உழுவதற்கு முந்தின நாள் ஒரு பிடி எடுத்து வீட்டுப் பின்கட்டில் தொட்டியில் வைத்தாராம். பத்து வருஷத்திலேயே தன் கண் தப்பு என்று தெரிந்துவிட்டதாம், சொல்லத்தான் தைரியம் வரவில்லையாம். பதினொரு பேர் முன்னால் சிரித்ததைப் பதினொரு பேர் முன்னால்தான் திருப்பி எடுக்க முடியும், அதற்கு எல்லா மாநிலத்து மதிப்பெண்ணும் வேண்டும் என்று எழுதியிருந்தார்.

நீங்கள் இதை மன்னிப்பு என்கிறீர்கள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. என் புல்லை முப்பத்தோரு வருஷம் தொட்டியில் ஒளித்து வைத்திருந்த மனுஷன், கடைசியில் எனக்கே தானம் கொடுக்க வந்தார், அவ்வளவுதான். ஆரஞ்சுப் பழம் கொடுத்த மாதிரி.

உறையை முன்னாலேயே பிரித்திருந்தால் அவரைத் திரும்ப அனுப்பியிருப்பீர்களா என்று கேட்கிறீர்கள். ஆர்டித்தும் இதையேதான் கேட்டாள். இழுப்பறை என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது, சாவியும் என்னிடம்தான். ஆனால் சோதனை முடிவதற்கு முன்னால் அந்த உறையைப் பிரிப்பது முறைகேடு, ஐயா. என்னைப் பற்றி யார் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், முறைகேடு மட்டும் நான் செய்தது கிடையாது.