சத்தம் போடற வண்டி

கிழக்கேகோட்டைக்குப் போகும் பஸ்ஸில் மழைக்காக ஷட்டரெல்லாம் இறக்கியிருந்தார்கள். எனக்கு முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். அவர் மடியில் இரண்டு பைக் விளம்பரத் தாள்கள்.

“இந்த ஃபோர் ஸ்ட்ரோக் நல்ல மைலேஜ் தரும். சத்தமே இல்லை.”

“சத்தம் போடற வண்டியா வாங்குங்கோ.”

“என்னது?”

“நம்ம தெருவுல எல்லார்கிட்டயும் இந்த வண்டிதான். வரது நீங்கதான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“வாசல்ல ஹார்ன் அடிக்கறேன்.”

“தெருமுனையிலேயே தெரியணும்.”

அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “அப்போ டூ ஸ்ட்ரோக்தான். பெட்ரோலைக் குடிக்குமே.”

“குடிக்கட்டும்.”

பிறகு அவர் அவள் காதோரம் குனிந்து, வாயாலேயே மெல்ல வண்டி ஓட்டினார். “இந்தச் சத்தம் போதுமா?”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“இன்னும் கொஞ்சம் தூரத்துலேர்ந்து வாங்கோ.”