தூங்கி வந்த லாபம்

“தூங்கினதாலதான் எனக்கு லாபம், யக்கா,” என்றாள் காலை மெட்ரோவில் எனக்கு எதிரே இருந்த நர்ஸ், பக்கத்திலிருந்த மூத்த நர்ஸிடம். இருவரும் இரவுப் பணி முடித்து வந்தவர்கள்.

“எப்பிடிட்டி?” என்றார் மூத்தவர்.

“கம்பெனி மறுபடி ஷேர் வித்த எஃப்.பி.ஓ.வுல நமக்குக் கெடச்ச ஷேரை உங்கள மாதிரி மொத நாளே விக்கத்தான் நெனச்சேன். தெனமும் முழிக்கும்போது மார்க்கெட் மூடிருக்கும். அதுக்குள்ள வெல ஏறிட்டு.”

“நான்தான் ஜல்தியா வித்துட்டேன். நீ இன்னும் வச்சிருக்கப் போறியா?”

“இல்லக்கா. வாஷிங் மெஷினுக்குத்தானே போட்டேன், அந்தத் துட்டு அளவுக்கு வெல வந்தாச்சு. நாளைலேருந்து பகல் டியூட்டி. முழிச்சிருந்து வெலையப் பாத்தா ஆசை விடாது. இன்னைக்குத் தொறந்ததும் வித்துரணும்.”

சொன்னவள் அக்காவின் தோளிலேயே உறங்கிப்போனாள். ஐ.என்.ஏ. ஸ்டேஷன் தாண்டியதும் மூத்தவர் மணி பார்த்து உலுக்கினார். “ஏட்டி, மார்க்கெட் தொறந்தாச்சு.”

ஒரு கண்ணை மட்டும் திறந்து போனை அழுத்தினாள். “வித்தாச்சுக்கா.”

“மெஷின் வந்ததும் என் யூனிஃபார்மையும் சேத்துப் போடணும், கேட்டியா?”

அவள் மறுபடி உறங்கியிருந்தாள்.