புகை குறைவாக வந்த வண்டி

இருபது வருடமாக வண்டிகளின் புகையைச் சோதிக்கிறேன், சார். ஒரு நாள்கூட இருமியதில்லை. என் தங்கைக்குத்தான் அந்த வாடையே ஆகாது. சின்ன வயதிலிருந்தே வண்டி கிளம்பினால் அவளுக்குத் தலை சுற்றும். பின்சீட்டில் சுருண்டு படுத்துத் தூங்கிவிடுவாள். ஊர் வந்ததும் நான்தான் எழுப்புவேன்.

அம்மா அப்பா போன பிறகு அவளை வளர்த்ததும் நான்தான், இரண்டு தெரு தள்ளிக் கட்டிக் கொடுத்ததும் நான்தான். மாப்பிள்ளை தங்கமான மனிதர். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததே எனக்குப் பெரிய குறை. அவருக்கு வேலை மாற்றலாகி, எட்டு மணி நேரத் தூரத்துக்கு அவளைக் கூட்டிப்போகக் கிளம்பினார். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் காரைக் கொண்டுவந்து விட்டார்.

"நல்லாப் பாத்துடுங்க மச்சான். உங்க தங்கச்சியும் வர்றா."

பெட்ரோல் குழாய்களைத் தடவிப் பார்த்தேன், டாங்க் மூடியைத் திருகிப் பார்த்தேன். கசிவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, சைலன்சருக்குள் கருவியின் குழாயைச் செருகினேன். விஷவாயுவின் அளவு மிகமிகக் குறைவாக வந்தது. புது வண்டியில்கூட அப்படி வராது.

விஷயம் தெரியாதவன் சந்தோஷப்படுவான். எங்களுக்கு அதைக் கண்டால் சந்தேகம் வரும். பின்னால் வரவேண்டிய புகை வழியிலேயே எங்கோ வெளியேறுகிறது, காற்று கலந்து கருவியை ஏமாற்றுகிறது என்று அர்த்தம். கீழே படுத்துப் பார்த்தேன். புகைக்குழாயில் விரல் நீளத்துக்கு விரிசல். அதற்கு நேர் மேலே, காரின் தரைத் தகட்டில் துரு தின்ற ஓட்டை.

கருவி பாஸ் என்றது. கையெழுத்துப் போட்டேன். எந்த எண்ணையும் நான் மாற்றி எழுதவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை, வண்டி கிளம்பிய பத்தாவது நிமிடம் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, உள்ள ஒரு மாதிரி வாடை அடிக்குது. வண்டி சரியாத்தானே இருக்கு?"

"நான் பாத்த வண்டிம்மா. தூசி வரும், கண்ணாடிய ஏத்திவிட்டுட்டு நீ பாட்டுக்குத் தூங்கு."

"நீ சொன்னா சரிதான்ணா."

அந்தக் குரல் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. இன்ஜின் ஓடும் சத்தத்திலும் கேட்கிறது. வீட்டில் அவள் அறையைப் பெருக்கி, படுக்கைக்குப் புது விரிப்புப் போட்டு வைத்திருந்தேன். அதில் யாரும் படுக்கவில்லை. ஆனாலும் காலையில் போய்ப் பார்த்தால் தலையணை குழிந்திருக்கும். எழுப்பக் கை நீளும். பயத்தில் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுவேன்.

மாப்பிள்ளை பிழைத்துக்கொண்டார். தலைவலி மண்டையைப் பிளந்ததும் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிக்கொண்டாராம். அவள் நன்றாகத் தூங்குகிறாளே என்று எழுப்பவில்லையாம்.

அவர் ஒழிந்தால் அவள் என் வீட்டுக்கே திரும்பி வந்துவிடுவாள் என்றுதான் செய்தேன். அவரை நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன். முதல் நாளிலிருந்து இதையேதான் சொல்கிறேன். நீங்களோ, தகட்டில் ஓட்டை எந்த இடத்தில் இருந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்.

பின்சீட்டுக்குக் கீழே, சார்.