பின்கதவில் நாலு கோடு

— அந்தப் பாலிஷ் மெஷினைக் கொஞ்சம் வேகமா ஓட்டக் கூடாதாடா தம்பி?

— வேகமா ஓட்டினா பெயின்ட் வெந்துபோகும்க்கா. அப்புறம் அடியில தகரம் பல்லை இளிக்கும். நீ அந்த ஸ்டூல்ல உக்காரு. குறுக்கும் நெடுக்கும் நடந்தா எனக்கு வேலை ஓடாது.

— ஸ்கூல் விடறதுக்குள்ள முடிஞ்சாகணும். பாப்பா வெளியே வந்து நிக்கும்போது இந்தக் கதவு சுத்தமா இருக்கணும்.

— அவளுக்குக் கதவு எப்படி இருந்தா என்ன? திறந்து ஏறிக்கப் போறா. சரி விடு. இங்க பாரு, லைட்டைச் சாய்ச்சுப் பிடிக்கிறேன். தெரியுதா? வட்டம் வட்டமா, சிலந்தி வலை மாதிரி. காஞ்ச துணியில தூசியைத் துடைச்சா எல்லா வண்டியிலயும் வரும். ஆனா உன் வண்டியில இந்த ஒரு இடத்துல மட்டும் அப்பிக் கிடக்கு. எதைப் போட்டுத் தேச்ச?

— துணிதான்.

— யாருக்குக் காது குத்தற?

— பாத்திரம் தேய்க்கிற நார். பச்சையா இருக்குமே, அது.

— கொன்னுட்ட போ. கார் என்ன அடிப்பிடிச்ச சட்டியா?

— அழுக்கா இருந்துச்சு, தேச்சேன். பேச்சைக் குறைச்சுட்டு வேலையைப் பாருடா.

— பாத்துட்டுதான் இருக்கேன். மேலோட்டமான கீறல், நகத்தை வச்சு இழுத்தா மாட்டல. கீறல் தேய்க்கிற மருந்து வச்சு ஒரு ஓட்டு, அப்புறம் மெல்லிசா பாலிஷ். கதவுல முகம் பாத்துக்கலாம். தள்ளி நில்லு, தெறிக்கும்.

— போயிடுச்சா?

— இரு, துடைக்கிறேன். நார் போட்ட வட்டமெல்லாம் போயிடுச்சு. ஆனா... என்னக்கா இது?

— எது?

— அடியில வேற கோடு இருக்கு. மேல மங்கலா இருந்ததுல இத்தனை நேரம் தெரியல. கைப்பிடிக்குக் கீழேருந்து பின்டயர் பக்கமா நாலு கோடு, ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல. இதை மறைக்கத்தான் அப்படித் தேச்சியா?

— பூனைடா. எதிர் வீட்டுப் பூனை எப்பவும் கார் மேலதான் கிடக்கும்.

— பூனை ஏறப் பாத்துச் சறுக்கும், கீறல் மேலேருந்து கீழே வரும். பானெட்டுல எத்தனையோ பாத்துட்டேன். இது படுக்கையா ஓடுது. ஆரம்பத்துல அழுத்தம், போகப் போக லேசு. யாரோ கைப்பிடியைப் பிடிச்சிருக்காங்க. வண்டி நகந்திருக்கு. கை வழுக்கி, கதவை நகத்தால பிராண்டியிருக்காங்க.

— நீ என்ன போலீசா? கண்டதையும் கற்பனை பண்ணாம அழிடா.

— கையைக் காட்டு.

— எதுக்கு?

— காட்டுக்கா. நகம் ரெண்டு முறிஞ்சிருக்கே.

— நார் போட்டுத் தேச்சதுல முறிஞ்சுது.

— அத்தான் உன்னை இழுத்துட்டுப் போனாரா?

— அவரை இதுல இழுக்காதே.

— போன வாரம் ஃபோன்ல உன் குரலே சரியில்ல. அப்பவே எனக்குச் சந்தேகம்தான். கோடு எவ்வளவு கீழே இருக்கு பாரு. நீ முட்டி போட்டு விழுந்தப்புறமும் விடாம பிடிச்சிருக்க. அந்தாளு நிறுத்தல. மெஷினை அணைச்சுட்டேன். இதை நான் அழிக்க மாட்டேன்.

— சாவியைக் குடு. நான் வேற கடைக்குப் போறேன்.

— சாவி என் பாக்கெட்டுல இருக்கு, வராது. நகரு, போட்டோ எடுக்கணும். முதல்ல அப்பாகிட்ட காட்டறேன். அப்புறம் அந்தாளோட ஆபீசுக்கே போய் சட்டையைப் பிடிச்சுக் கேக்கறேன். வாங்க அத்தான், போங்க அத்தான்னு எத்தனை வருஷம் மரியாதை குடுத்திருக்கேன்.

— உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன் தம்பி. ஃபோனைக் கீழே வை. அவருக்கு எதுவும் தெரியாது.

— வண்டி ஓட்டினவருக்குத் தெரியாம எப்படிக்கா போகும்? இன்னமும் அவருக்கு வக்காலத்து வாங்கிட்டு இருக்க. பயமா இருந்தா பாப்பாவைக் கூட்டிட்டு இங்கயே வந்துடு. மாடியில ரூம் காலியாதான் இருக்கு. உங்க ரெண்டு பேரையும் நான் பாத்துக்கறேன்.

— அவ என்கூட வருவாளான்னே தெரியலடா. தினமும் கார்ல ஏறுறதுக்கு முன்னாடி அந்தக் கோட்டுல கை வச்சுப் பாக்கறா. கோட்டுக்கு ஒரு விரல். நார் போட்டுத் தேச்சப்புறமும் தடவித் தடவித் தேடறா. என்கிட்ட ஒரு வார்த்தை பேசறதில்ல.

— அப்ப அவளும் அங்க இருந்தாளா? பெத்த அம்மாவைத் தரதரன்னு இழுத்துட்டுப் போறதை அந்தப் பச்சைப்புள்ள நின்னு பாத்துச்சா?

— உங்க அத்தான் அன்னைக்கு வீட்டுலயே இல்லடா. துணிமணியைக் கார்ல எடுத்துப் போட்டுக்கிட்டு நான்தான் கிளம்பினேன், இனிமே யார் மூஞ்சியிலயும் முழிக்கக் கூடாதுன்னு. கதவைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்தது அவ. கண்ணாடியில நல்லாத் தெரிஞ்சா. தெரிஞ்சும் ஆக்ஸிலேட்டரை மிதிச்சேன்.