இஞ்சருங்கோ

ஃபிளாஸ்க்கில் கொண்டுபோகும் தேநீர் எனக்குப் பிடிக்காது. என்ன செய்தாலும் அதில் ஒரு பழைய வெந்நீர் வாடை இருக்கும். அன்றைக்கு இரண்டு கோப்பை குடித்தேன், காத்திருக்க வேண்டியிருந்ததால்.

இந்த வாக்குமூலத்தை என் கையாலேயே தமிழில் எழுதித் தருகிறேன். இருபத்தெட்டு வருடமாக ஆங்கிலத்தில் வேலை பார்க்கும் எனக்குப் பொலிசார் ஒரு மொழிபெயர்ப்பாளரை அழைத்து வந்திருக்கிறார்கள். யாமினி என்று பெயர், சென்னைப் பெண். "சார், தண்ணி வேணுமா?" என்று கேட்டார். இந்தக் கட்டடத்தில் மரியாதை தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவருக்காவது வேலை இருக்கட்டும்.

என் பெயர் இந்திரகுமார். டூங்கபியில் வீடு. கவுன்சிலில் வடிகால் பிரிவில் பொறியியலாளர். இறந்தவர் என் மனைவி சிவகௌரி.

பயணம் என் யோசனை அல்ல. மெல்பேணில் இருக்கும் மகள் தர்ஷனா, எங்கள் இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கு மவுண்ட் வில்சனில் இரண்டு நாளைக்கு ஒரு வீடு எடுத்துக் கொடுத்தாள். ஏப்ரல் கடைசி, இங்கே குளிருக்கு முன் இலைகள் நிறம் மாறும் காலம். யாழ்ப்பாணத்தில் சருகு கொட்டினால் விளக்குமாற்றைத் தேடுவோம். இங்கே லீவு போட்டு, மூன்று மணி நேரம் கார் ஓட்டி, சருகுக்கு முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இவர்களுக்கு வாக்குரிமையும் இருக்கிறது.

சிவகௌரி அவர்களை விட மோசம். ஒவ்வொரு மரத்தடியிலும் நின்றாள். நல்ல சிவப்பு இலையாகப் பொறுக்கி, ஹெலன்ஸ்பர்க் கோவிலில் விபூதி மடித்துத் தந்த காகிதச் சரைக்குள் தர்ஷனாவுக்கென்று வைத்தாள். பத்தடிக்கு ஒருதரம், "இஞ்சருங்கோ, இதைப் பாருங்கோவன்!" நான் பார்த்தேன். இலைதான்.

யாமினி, இந்தச் சொல்லைக் கவனமாக மொழிபெயர்க்க வேண்டும். உங்கள் ஊரில் 'ஏங்க' என்பார்களே, அது. கணவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று நம்புகிற பெண்கள் கூப்பிடும் முறை. சிவகௌரி விஞ்ஞானப் பட்டதாரி. ஆனாலும் வைத்தியசாலையில் கணவர் பெயர் என்ன என்று கேட்டால் என் லைசென்ஸை எடுத்து நீட்டுவாள்.

கலியாணமான புதிதிலேயே சொன்னேன். "என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடும். இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான்."

"ஐயோ, உங்கட ஆயுசுக்குக் கூடாது. என்னால ஏலாது" என்றாள்.

ஒரு டிசம்பரில் கவுன்சில் ஆட்களின் நத்தார் விருந்து ஒரு பூங்காவில் நடந்தது. இறைச்சி வாட்டிக்கொண்டிருந்த என் மேலதிகாரிக்கு முன்னால், அந்தப் பக்கத்திலிருந்து 'இஞ்சருங்கோ' என்று பெருங்குரலில் கூப்பிட்டாள். அவன் அதைப் பழித்துக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். அதன்பிறகு ஒன்பது வருடம் அலுவலகத்தில் என் பெயர் 'இஞ்சரு'. நான் அவமானத்தில் கூனிப்போனேன். வீட்டில் சொன்னபோது, "பகிடிக்குத்தானே" என்றாள். அன்றிலிருந்து அவளை எனக்குப் பிடிக்கவில்லை. இதையும் எழுதி வைக்கிறேன், நான் எதையும் ஒளிப்பதில்லை.

இரண்டாம் நாள் பிற்பகல் மூன்று மணியளவில் காட்டுப் பாதையில் இறங்கினோம். வேலிக்கு அப்பால் ஒரு மேப்பிள் கன்று சிவந்து நின்றது. "கவனம்" என்று நான் சொன்னேன். அவள் வேலியைத் தாண்டினாள். நனைந்த சருகு வழுக்கியது. பதினைந்தடி கீழே, பன்னச் செடிகளுக்குள் ஒரு பாறைத் திட்டில் போய் விழுந்தாள். நான் தள்ளவில்லை. தொடவும் இல்லை.

"இஞ்சருங்கோ, கால் முறிஞ்சு போச்சுது போல."

பக்கத்தில் வாங்கு இருந்தது, உட்கார்ந்தேன். ஃபிளாஸ்க்கைத் திறந்தேன். இப்போது இங்கே யாரும் இல்லை, வெட்கப்பட ஒன்றுமில்லை, ஒருமுறை பெயரைச் சொல்லட்டும், உடனே இறங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். இது நியாயமான எதிர்பார்ப்பு. இருபத்தைந்து வருடமாகக் கேட்டது.

"இஞ்சருங்கோ, நிக்கிறியளே?"

கொஞ்ச நேரம் கழித்து, "இஞ்சருங்கோ, நீங்களும் விழுந்திட்டியளோ? அசையாதேங்கோ, வழுக்கும்" என்றாள்.

ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி நாயோடு வந்தார்கள். யாரோ கூப்பிடுவது போலிருக்கிறதே என்று அந்த அம்மா கேட்டார். என் மனைவிதான், கீழே இலைகளைப் படமெடுக்கிறாள், நாள் முழுக்க இப்படித்தான் கூப்பிடுவாள் என்றேன். கிழவர் என் தோளில் தட்டினார், தன் மனைவியும் அப்படித்தானாம். சிரித்துக்கொண்டே போனார்கள். அவர்கள்தான் இப்போது பொலிசாரிடம் சாட்சி சொல்ல வந்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் கத்தச் சிவகௌரிக்குத் தெரியும். நான் மேலே இருக்கும்போது வேறு ஆளைக் கூப்பிட அவளுக்குத் தோன்றவில்லை.

ஐந்து மணிக்கு வெளிச்சம் குறைந்தது. சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனேன். கைபேசிக்கு அங்கே சிக்னல் இல்லை, உண்மை. எடுத்த வீட்டில் தொலைபேசி இருந்தது, அதுவும் உண்மை. அவள் தனியாக நடக்கப் போனவள் திரும்பவில்லை என்று மறுநாள் காலை எட்டு மணிக்கு அறிவித்தேன். காலால் அல்ல, குளிரால்தான் இறந்தாள் என்றும், விடியும்வரை உயிர் இருந்திருக்கும் என்றும் டாக்டர் சொன்னாராம். விபூதிச் சரை கையில் இருந்ததாம்.

முதல் நாள் விசாரணையில், அவள் கடைசிவரை என் பெயரைச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் போயிருப்பேன் என்று சொன்னேன். அதைத் திருத்த வேண்டும். கார் நிறுத்துமிடம் அந்த வாங்கிலிருந்து கூப்பிடு தூரம்தான், அங்கே அந்தக் கிழவரும் நின்றார், அவருக்கும் கேட்டிருக்கிறது. மறுப்பதில் பயனில்லை.

ஓம், கூப்பிட்டாள். "இந்திரகுமார்" என்று, முழுதாக, ஒரேயொரு தரம். குரல் தெளிவாகத்தான் வந்தது. நான் அதற்குள் சேறான சப்பாத்தைக் கழற்றி டிக்கியில் வைத்துவிட்டு, நல்லதைப் போட்டு நாடாவும் கட்டிவிட்டேன்.

இது நடந்து பதினொரு நாளாகிறது. பெயரைச் சொன்னதால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைத்தான் நான் அவளுக்குத் தொடக்கத்திலிருந்தே சொல்லிவந்தேன்.